இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு சிவப்புத் திரையும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க ஒருவர் வந்தார். அம்மாவிடம் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினார். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். மற்றொன்றில் தான் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரை ஊற்றினார். ஒரு பிளாஸ்டிக் மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உலோகக் கம்பிகளை இரண்டிலும் இறக்கிவிட்டு ஒயரைப் பிளக்கில் சொருகினார். சற்று நேரத்திலேயே எங்கள் தண்ணீர் துருப்பழுப்பாகி, மேலே நுரை கட்டி, அடியில் சகதிபோல ஏதோ படிந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தாம்மா இவ்வளவு நாளா குடிச்சுட்டு இருந்திருக்கீங்க" என்றார். அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

அதே காலத்தில் என் லேப்டாப் மெதுவானது. இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன். கோப்புகளின் பெயர்கள் திரையில் விர்ரென்று ஓட, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. முடிவில் எழுநூற்றுச் சொச்சம் 'ஆபத்துகள்' என்று நின்றது. அவற்றை நீக்க வேண்டுமானால் ஓராண்டுச் சந்தா கட்ட வேண்டும். கட்டினேன்.

இரண்டுக்கும் விளக்கம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. டம்ளரில் இறங்கிய கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்த, கம்பியே கரைந்து பழுப்பு நிறத்தில் படிகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, நிறமும் மாறுவதில்லை. அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் அதுவும் பழுப்பாகும். திரையில் எண்ணப்பட்ட எழுநூறில் பெரும்பகுதி, இணையதளங்கள் உலாவியில் விட்டுச்சென்ற குக்கீகள். விளம்பரக்காரர்களுக்கு உதவும் சிறு குறிப்புக் கோப்புகள் அவை. தனியுரிமைக்குத் தொல்லைதான், வைரஸ் அல்ல. கம்பி கரைந்தது உண்மை, குக்கீ இருந்ததும் உண்மை. எங்கள் பயத்துக்கும் இவற்றுக்கும்தான் தொடர்பில்லை.

ஒரு குடும்பம் தண்ணீர் மெஷினைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எண்ணம் அன்றிலிருந்தே எனக்கு உண்டு. ஒன்று சமையலறைச் சுவரில் தொங்குகிறது, மற்றொன்று திரையின் மூலையில் சிறு கேடயமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே குணமுள்ள பொருள்கள் என்பது கூர்ந்து பார்க்கப் பார்க்கத்தான் புலப்படுகிறது.

பொருளியலில் ஒரு வகைப்பாடு உண்டு. புடவையின் தரத்தை வாங்குமுன்பே தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஓட்டல் சாப்பாட்டின் தரம் சாப்பிட்ட பிறகு தெரிந்துவிடும். பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத மூன்றாவது வகை ஒன்று இருப்பதை 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். நம்பிக்கைப் பண்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். மெஷின் வைத்த பிறகு வீட்டில் யாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்றால், அது மெஷினாலா, முன்பே தண்ணீர் நன்றாக இருந்ததாலா? ஆன்டிவைரஸ் போட்டபின் கணினியில் வைரஸ் வரவில்லை என்றால், அது தடுத்ததாலா, எதுவும் வந்து மோதாததாலா? இரண்டிலும் வெற்றி என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றுக்கு ரசீது தர எந்த விற்பனையாளராலும் முடியாது. ஆகவேதான் நடப்பதுபோல் ஒன்றைக் கண்முன் காட்ட வேண்டியிருக்கிறது. பழுப்புத் தண்ணீருக்கும் சிவப்பு எண்ணுக்கும் பிறப்பிடம் இதுவே.

தரத்தை நாமே அறிய முடியாதபோது என்ன செய்கிறோம்? மனிதர்களைக் கேட்கிறோம். தண்ணீர் மெஷினுக்கு எதிர்வீட்டு அக்காவை, கணினிக்கு ஐடி வேலையில் இருக்கும் சித்தி பையனை. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பொருளைச் சோதிக்க வழியில்லாதவர் ஆளைச் சோதிப்பது பழைய, நியாயமான அறிவுதான். சித்தி பையன் வங்கிக்கு ஜாவா எழுதுகிறவராக இருக்கலாம், வைரஸைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியாதவராகவும் இருக்கலாம். ஆனாலும் அவருக்கு நம்மிடம் விற்க எதுவுமில்லை. அந்த ஒரு தகுதிக்கே மதிப்பு அதிகம்.

விற்கிறவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். தண்ணீர் மெஷின் இந்திய நடுத்தர வீடுகளுக்கு 1980களில் வாசற்படி வழியாக வந்தது. யுரேகா ஃபோர்ப்ஸின் அக்வாகார்டை விற்றவர்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கதவைத் தட்டினார்கள். ஆன்டிவைரஸ் வந்த வழி நேரெதிர். அதைத் தேடி நாம்தான் போனோம், கெட்டுப்போன சிபியுவைத் தூக்கிக்கொண்டு. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் வளர்த்ததுதான் குவிக் ஹீல். பழுதுபார்க்க வந்த கணினிகளில் வைரஸைக் கண்டு, அதை நீக்க எழுதிய நிரல்களிலிருந்து எழுந்த நிறுவனம் அது. சென்னையில் 1991இல் கேசவர்தனன் தொடங்கிய கே7 நம் ஊருக்கே உரியது. ரிச்சி தெருவில் புது லேப்டாப்புக்குப் பில் போடும்போது "ஆன்டிவைரஸ் போட்டுடலாமா சார்?" என்று கேட்கும் கடைக்காரருக்கு அதில் ஆதாயம் உண்டு. ஆனால் அவர் மாதந்தோறும் எத்தனையோ கெட்டுப்போன கணினிகளைத் திறந்து பார்க்கிறவர். தண்ணீர் மெஷின்களில் அடைத்துப்போன மெம்பிரேன் வடிகட்டிகளை நாள்தோறும் கழற்றும் சர்வீஸ்காரரும் அப்படித்தான். இருவரின் அனுபவமும் உண்மையானது. அந்த அனுபவம் எங்கே முடிகிறது, ஆதாயம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

அளந்து பார்க்கும் கருவிகளுக்கு வருவோம். பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் நனைத்தால் ஓர் எண் காட்டும். அது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்துக் கரைந்த உப்பைக் கணிக்கிறது, அவ்வளவே. காலரா கிருமி நிறைந்த தண்ணீரும் அதில் அழகான எண்ணைக் காட்டலாம். ஆன்டிவைரஸுக்கும் இப்படியொரு மீட்டர் இருக்கிறது. ஐகார் சோதனைக் கோப்பு என்று பெயர். வெறும் 68 எழுத்துக்குறிகள், யாருக்கும் தீங்கு செய்யாதவை. அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோல் கூச்சலிட வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. நோட்பேடில் அந்த வரியை ஒட்டிச் சேமித்த உடனே எச்சரிக்கை எழுந்தால் காவலாளி விழித்திருக்கிறார் என்று தெரியும். அவர் திறமைசாலியா என்பது தெரியாது. மீட்டரும் கோப்பும் தம் அளவில் நேர்மையானவை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்குவது நம் தவறு.

உண்மையான அளவுகோல்களும் சோதனைச்சாலைகளும் இருக்கின்றன. இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500, குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. ஜெர்மனியின் மக்டபுர்க் நகரில் ஏவி-டெஸ்டும், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸும் ஆன்டிவைரஸ்களை வரிசையாகச் சோதித்து முடிவுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. நான் அறிந்த வரையில் எந்தக் குடும்பமும் அந்தத் தரநிலையையோ இந்தச் சோதனை முடிவுகளையோ திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போனதில்லை. நானும் போனதில்லை.

பார்த்தால் ஒன்று புரியும். முன்னணியில் உள்ள ஆன்டிவைரஸ்களின் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். இங்கேதான் நான் எதிர்பாராத உறவைக் கண்டேன். வெவ்வேறு பெயர் ஒட்டிய ஆர்ஓ மெஷின்கள் பலவற்றைத் திறந்தால் உள்ளே இருக்கும் மெம்பிரேன் ஒருசில நிறுவனங்களின் தயாரிப்பாகவே இருக்கும். ஆன்டிவைரஸிலும் அதே கதை. ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் உருவாக்கிய இன்ஜினை உரிமம் பெற்று உள்ளே வைத்துக்கொண்டு தம் பெயரில் விற்ற நிறுவனங்கள் பல. நார்ட்டன் நல்லதா, அவாஸ்ட் நல்லதா, ஏவிஜி இலவசமாயிற்றே, அவிரா எப்படி என்று நண்பர்கள் விவாதிப்பதை இன்றும் கேட்கிறேன். அவாஸ்ட் 2016இல் ஏவிஜியை வாங்கியது. நார்ட்டன் அவிராவை வாங்கி, 2022இல் அவாஸ்டோடும் இணைந்தது. நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து. நான்கு பெட்டிகளுக்கு நடுவே திண்டாடி ஒன்றை எடுப்பவர் எடுப்பது ஒரே வீட்டுப் பிள்ளையை.

இவ்வளவு நெருங்கிய இரண்டும் பிரியும் இடங்கள் மூன்று. அவற்றில் முதலாவது பெரியது.

தண்ணீரிலுள்ள உப்புக்கு நம் மெஷினைப் பற்றித் தெரியாது. என்ன மெம்பிரேன் மாட்டியிருக்கிறோம் என்று பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு கால்சியம் வருவதில்லை. வைரஸ் எழுதுகிறவர் அப்படியல்ல. சந்தையில் உள்ள ஆன்டிவைரஸ்களை வாங்கி, தன் நிரல் அவற்றில் சிக்குகிறதா என்று சோதித்து, சிக்காத அளவுக்குத் திருத்திவிட்டுத்தான் வெளியே விடுகிறார். புதிய தீநிரல்களும் வேண்டாத செயலிகளுமாக நாள்தோறும் 4.5 லட்சத்துக்கு மேல் பதிவாவதாக ஏவி-டெஸ்ட் சொல்கிறது. எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதவே முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணித முறையில் நிறுவிவிட்டார். ஆகவே ஆறு மாதம் சர்வீஸ் பார்க்காத தண்ணீர் மெஷின் அரைகுறையாகவேனும் வேலை செய்யும். ஆறு மாதம் அப்டேட் ஆகாத ஆன்டிவைரஸ் பெயருக்குத்தான் இருக்கிறது. தண்ணீர் மெஷின் விளம்பரமும் ஆன்டிவைரஸ் விளம்பரமும் நூறு சதவீதம் என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், இரண்டாவதைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, இடம் கொடுக்கும் அளவு. தண்ணீர் மெஷினுக்கு நாம் கொடுப்பது ஒரு குழாய் இணைப்பு. அது நம் கடிதங்களைப் படிப்பதில்லை. ஆன்டிவைரஸுக்கோ கணினியின் அடிமட்டம் வரை சாவி கொடுக்கிறோம். அவாஸ்ட் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் மூலம் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்றது 2020 ஜனவரியில் பத்திரிகைகளில் வெளியானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் அதன்மேல் 1.65 கோடி டாலர் தொகை விதித்தது. அதே ஆண்டு ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கியின் விற்பனையை அமெரிக்க அரசு தடை செய்தது. செப்டம்பரில் அங்குள்ள பயனர்கள் பலர் காலையில் கணினியைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி இருந்த இடத்தில் அல்ட்ராஏவி என்ற வேறொரு மென்பொருள் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. காஸ்பர்ஸ்கியின் சோதனைச்சாலை மதிப்பெண்கள் அதுவரை மிக உயர்வாகவே இருந்தன. அப்படியானால் வீட்டுப் பயனர் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வைரஸ் பிடிக்கும் என்பதோடு முடிவதில்லை. இந்த நிறுவனம் யாருடையது, எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, இலவசமென்றால் வருமானம் எங்கிருந்து என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சமையலறைச் சுவரில் தொங்கும் மெஷின் இந்தக் கவலையைத் தருவதில்லை.

மூன்றாவது வேறுபாடு சிறியது. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது, அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்ளலாம். ஆன்டிவைரஸ் தின்னும் கணினியின் வேகத்தை எதற்கும் திருப்பிப் பயன்படுத்த முடியாது.

இரண்டிலும் யாரும் விளம்பரம் செய்யாத ஒரு மாற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்கு அது அடுப்பு. தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்த தண்ணீரில் நோய்க்கிருமிகள் சாகின்றன, உப்பு மட்டும் போகாது. கணினிக்கு அது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே சேர்க்கப்பட்டது. அன்று அதை நிபுணர்கள் மதிக்கவில்லை, மதிக்காததில் நியாயமும் இருந்தது. அதன் உறவான மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் அதே ஆண்டு இறுதியில் ஏவி-டெஸ்டின் சான்றிதழை இழந்தது. ஆனால் 2019 முதல் டிஃபெண்டர் அதே சோதனைச்சாலையில் 18க்கு 18 பலமுறை வாங்கியிருக்கிறது. பழைய அவப்பெயர் மட்டும் கடைகளில் இன்னும் உலவுகிறது. "அது சும்மா கூட வர்றது சார், அதை நம்பாதீங்க" என்பார்கள். சும்மா வருவதை மதிக்காத மனம் நம்முடையதும்தான். வெந்நீர் ஆறவைத்துக் குடித்த பாட்டியைவிட நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று தண்ணீர் மெஷினைப் பார்த்து நினைத்துக்கொள்வதும் அதே மனம்.

எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஊற்று. செங்குன்றம் ஏரித் தண்ணீர் குழாயில் வரும் வீட்டுக்கும், கடலோரத்தில் போர்வெல் உவர்நீரை இறைக்கும் வீட்டுக்கும் ஒரே மெஷின் எப்படிப் பொருந்தும்? உப்பு குறைவான தண்ணீரை ஆர்ஓவில் விடுவது வீண். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதற்கும் இதுவே அடிப்படை.

கணினியின் ஊற்று எது? ஒரு காலத்தில் அது பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து சொருகினால் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பென் டிரைவைச் சொருகியவுடன் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் முடக்கும் அப்டேட்டை 2011இல் மைக்ரோசாஃப்ட் பரவலாக அனுப்பிய பிறகு அந்த வழி பெரிதும் அடைபட்டது. இன்று பல வீடுகளில் ஊற்று வேறு. பிள்ளைகள் இறக்கும் திருட்டு விளையாட்டு, விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யும் கருவி, மின்கட்டணம் நிலுவை என்று வரும் போலிக் குறுஞ்செய்தி. இவற்றில் கடைசியில் ஓடிபி எண்ணை நாமே வாசித்துச் சொல்லிவிட்டால் உலகின் எந்த ஆன்டிவைரஸும் குறுக்கே வர முடியாது. முதல் இரண்டில் நிலைமை இன்னும் மோசம். அவற்றை நிறுவச் சொல்லும் குறிப்பிலேயே ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கும், பிள்ளைகளும் அணைத்துவிடுவார்கள்.

என் அடுக்ககத்தில் ஒருமுறை கீழ்நிலைத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். ஐந்தாறு ஆண்டுகளாகக் கழுவப்படாத சேறு முழங்கால் அளவுக்கு இருந்தது, ஒரு செருப்பும் கிடந்தது. அந்தத் தொட்டிக்கு மேலே பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு சமையலறைகளில் விலையுயர்ந்த பன்னிரண்டு மெஷின்கள். அப்டேட் செய்யப்படாத விண்டோஸின் மேல் சந்தா கட்டிய ஆன்டிவைரஸை வைத்திருக்கும் கணினியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டிதான் கண்முன் வருகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015இல் பாதுகாப்பு நிபுணர்களிடமும் சாதாரணப் பயனர்களிடமும், உங்களைக் காத்துக்கொள்ள முக்கியமாகச் செய்யும் மூன்று காரியங்கள் என்ன என்று கேட்டார்கள். சாதாரணப் பயனர்களில் 42 சதவீதம் பேர் ஆன்டிவைரஸைச் சொன்னார்கள், நிபுணர்களில் 7 சதவீதம் பேரே சொன்னார்கள். மென்பொருளை அப்டேட் செய்வதை நிபுணர்களில் 35 சதவீதமும் சாதாரணப் பயனர்களில் வெறும் 2 சதவீதமும் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளில் வான்னாக்ரை என்ற தீநிரல் வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தது மே மாதம். இடைப்பட்ட இரண்டு மாதங்களில் தொட்டியைக் கழுவியவர்கள் தப்பித்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கிருமி மட்டுமே கவலை என்றால் அடுப்பு போதும். அப்டேட் தவறாத விண்டோஸ் இருந்தால் டிஃபெண்டர் போதும். உவர்நீர் வரும் வீட்டுக்கு ஆர்ஓ அவசியம். அதுபோல, தனியாக வசிக்கும் பெற்றோரின் கணினிக்குப் பணம் கட்டிய ஆன்டிவைரஸ் வாங்குவதில் தவறில்லை. அந்தப் பணம், சந்தேகம் வந்தால் ஃபோன் செய்து தமிழில் கேட்க ஓர் ஆள் இருப்பதற்காக. அப்படி வாங்கினால் முதல் ஆண்டின் சலுகை விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டின் ரினியூவல் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மெஷினுக்கு ஏஎம்சி எவ்வளவு என்று கேட்பீர்களே, அதேபோல.

விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டு வரும் உறவினர்களிடம், உங்கள் கணினியில் இருப்பது எந்த விண்டோஸ் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.